உரிமமும் அறமும்

உள்ளம் நோயுற்றோரைத் தங்கவைத்துப் பேணும் இல்லத்திற்கு முதன்மையாக வேண்டுவது யாது? அன்பே என்பர் பலர். அன்பு வேண்டும், ஆயினும் அது மட்டும் போதுமா?

மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் மனநல மருத்துவமனையும் மனநலப் பராமரிப்பு இல்லமும் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்கிறது அச்சட்டம். நோயாளியைக் கட்டுப்படுத்துவதற்கும் தனியறையில் வைப்பதற்கும் விதிகள் உள்ளன. மருத்துவமனைகளைப் பார்வையிட வருகையாளர் வாரியமும் உண்டு.

இவை வெறும் அலுவலகச் சடங்குகள் எனக் கருதுவார் உளர். ஆனால், உள்ளே நுழையும் நோயாளி தன் உரிமையின் ஒரு பகுதியைப் பிறர் கையில் ஒப்படைக்கின்றான். மருந்து, உணவு, வெளியே செல்லும் நேரம் யாவும் பிறர் முடிவாகின்றன. அவன் முறையிட்டாலோ, நோயின் பிதற்றல் எனத் தள்ளிவிடுவது எளிது. அன்புடையாரும் களைத்துச் சினங்கொள்ளும் இரவு ஒன்று வரும். அவ்விரவில் அவனுக்குக் காப்பாவன, நடந்ததைக் குறிக்கும் பதிவேடும், அதனைப் படித்துக் கேள்வி கேட்கும் வெளியார் கண்ணுமே.

எனினும், உரிமத்தைச் சுவரில் மாட்டியதும் அறம் நிறைவேறிவிடுவதில்லை. பதிவேட்டில் பொய் எழுதும் கையைச் சட்டம் உடனே அறியாது. அன்பு தளருமிடத்தில் அதனைத் தாங்கும் ஊன்றுகோலே விதி. அதனைப் பற்றும் கை நேர்மையுடையதாதல் வேண்டும். நோயுற்றவன் சொல்லையும் சொல்லாக மதித்துக் கேட்பதே நிருவாகத்தின் முதல் அறமாகும்.