பால் தண்ணியாத்தான் இருந்தது

2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசி முடித்ததும், அப்பா எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு. அரிசி எத்தனை நாளைக்கு வரும், சிலிண்டர் எப்போது மாற்றினோம் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றேன். "மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேம்மா" என்றார். தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 போட்டாயிற்று. தெருமுனை டீக்கடையின் ஷட்டர் இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினார். "சாத்திட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வில்லிவாக்கம் வந்தவர் அவர். இந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த டீக்கடை ஒன்றுதான். காலை 6 மணிக்குப் போவார். ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா ஒரு டீ. தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஏழரைக்குத் திரும்புவார். ஒரு டீக்கு ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று ஒரு நாள் பால் வாங்கப் போனபோது நின்று கேட்டிருக்கிறேன். தண்ணீர் லாரி வரவில்லை என்பார் ஒருவர். மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பார் இன்னொருவர். முழங்கால் வலி, பென்ஷன் பாக்கி, வெங்காய விலை. யாரும் யாருக்கும் தீர்வு சொன்னதாகத் தெரியவில்லை. "அட, ஆமாங்க" என்பார்கள். அடுத்தவர் தன்னுடையதை ஆரம்பிப்பார்.

ஊரடங்கு எதையெல்லாம் மூடியது என்று பட்டியல் போட்டவர்கள் பள்ளி, கோயில், தொழிற்சாலை, சினிமா தியேட்டர் என்றார்கள். நான் யோசித்துப் பார்த்தால், அது முதலில் மூடியது ஜனங்கள் குறை சொல்லிக்கொள்ளும் இடங்களைத்தான். டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாப், கோயில் குளத்துப் படிக்கட்டு. ரேஷன் கடை வரிசை மட்டும் மிஞ்சியது. ஏப்ரலில் கார்டுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தபோது நானும் டோக்கனோடு போய் நின்றேன். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வட்டத்துக்கு ஒருவர், முகத்தில் துணி. முன்னால் நின்ற அம்மா திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருக்கிற தூரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்படி இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்து, போனதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதோம், சிரித்தோம். பட்ட கஷ்டம் பாதி அங்கேயே இறங்கியது. இந்த முறை வந்த ஆபத்து, ஆட்கள் ஒன்றாகக் கூடுவதிலேயே இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் இருக்கச் சொன்னது தவறென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தடுப்பூசி கிடையாது. மருந்து இன்னதென்று தெரியாது. மூச்சுத் திணறி ஒரே வாரத்தில் ஊரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் கட்டில் ஏது? பரவுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேறு வழி இருக்கவில்லை. ஆனால் 130 கோடி பேருக்கு நாலு மணி நேர அவகாசம் கொடுத்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

அந்த உறுத்தலை நான் எங்கே கொண்டுபோய் இறக்கினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரடங்கு மே 3 வரை நீளும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 14 காலை, சித்திரை முதல் நாளன்று வந்தது. அந்த வாரக் கடைசியில் மன்னார்குடியில் அத்தை போய்விட்டார். அப்பாவுக்கு ஒரே அக்கா. மூன்று வயதில் தாயை இழந்தவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கொரோனா இல்லை, மாரடைப்பு. மற்ற நாளாக இருந்தால் ராத்திரியே எழும்பூர் போய் மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்திருப்போம். ரயில் இல்லை, பஸ் இல்லை. காருக்குப் பாஸ் வாங்கலாம் என்றார் என் கணவர். அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை வேறு. சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது. "வேண்டாம் மாப்ள" என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

அத்தை மகன் செல்போனில் வீடியோ காட்டினான். படம் நின்று நின்று வந்தது. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் தெரிந்தது. நாலைந்து பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, ஒப்பாரி வைப்பார்கள். அது அழுகை மட்டுமில்லை. இறந்தவரிடமும், சாமியிடமும், கட்டிக்கொடுத்த வீட்டிடமும் முறையிடுவது. ஒருத்தி பாட, மற்றவள் அவள் கழுத்தில் முகம் வைத்து வாங்கிப் பாடுவாள். அன்று யாரும் யாரையும் தொடவில்லை. சத்தமே வரவில்லை. போனில்தான் சத்தம் வரவில்லையோ என்று அப்பா அதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "என்னம்மா, பால் தண்ணியா இருக்கு. இதுவும் ஒரு டீயா?" என்றார்.

நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எட்டு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச் 27இல் தொடங்கியிருக்க வேண்டியது, தேதி தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதற்காக எல்லார் மேலும் எரிந்து விழுந்தான். வேலைக்கு ஆள் இல்லாமல் மூன்று வேளைப் பாத்திரமும் நான்தான் தேய்த்தேன். வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னவர்கள் யாரும், வீட்டில் இருப்பதே வேலையாக இருக்கிறவளைப் பற்றி யோசிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "ஊர்ல எத்தனையோ பேர் குழந்தைக்குப் பால் இல்லாம ரோட்ல நடக்கறாங்க. உங்களுக்கு டீதானாப்பா குறை?"

அவர் பதில் சொல்லவில்லை. மிச்ச டீயையும் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்த பத்து நாள் அவர் எதையும் குறை சொல்லவில்லை. உப்பு கூடினாலும் சாப்பிட்டார். மின்விசிறி நின்றாலும் பேசாமல் இருந்தார். காலை ஆறு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு, பால்கனி நாற்காலியில் உட்கார்வார். அங்கிருந்து பார்த்தால் டீக்கடை ஷட்டரின் ஒரு ஓரம் தெரியும். ஏழரைக்கு எழுந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவார். முதல் இரண்டு நாள் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஐந்தாம் நாள் பயமாக இருந்தது.

இங்கே என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ரோட்டில் நடந்தவர்களை நான் எதற்கு இழுத்தேன்? அவர்களுக்கு நான் ஒரு செருப்பு வாங்கிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்கா ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் பெயின்டர், வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். எடுத்ததும் அவர் கேட்பது: "நாளைக்கு வரட்டுமாம்மா?" அசோசியேஷனில் விட மாட்டேன் என்கிறார்கள் என்பேன். "சரிம்மா" என்று வைத்துவிடுவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஏப்ரல் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தேன். மே மாதம் பாதிதான் கொடுத்தேன். அதற்கும் "சரிம்மா"தான். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் எப்படிப் புலம்புவார்? அவர் வாய் திறக்காதது அவருக்குக் கஷ்டம் இல்லாததால் அல்ல. அப்படிப்பட்டவர்களின் கஷ்டத்தைத்தான் நான் அப்பாவை வாயடைக்கக் கோலாக எடுத்தேன். அவர்களுக்கும் செய்யவில்லை, இவரையும் பேசவிடவில்லை.

புலம்புகிறவர்கள் கட்டுப்பட மாட்டார்கள் என்றொரு எண்ணமும் அப்போது பரவலாக இருந்தது. நான் பார்த்தவரை நேர்மாறு. எங்கள் குடியிருப்பில் அதிகம் புலம்பியது அப்பாவும் இரண்டாவது மாடி மாமியும். இருவரும் வாசற்படி தாண்டவில்லை. ஏப்ரல் 25 அன்று, நாலு நாள் முழு ஊரடங்கு வருகிறது என்றதும் கோயம்பேட்டில் முண்டியடித்த கூட்டம் புலம்பல்காரர்களின் கூட்டமில்லை, பயந்தவர்களின் கூட்டம். பயத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அது அடுத்தவர் மேல் பாயும். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 19 இரவு, நோயாளிகளைப் பார்த்துத் தொற்று வந்து இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள். எங்கள் தெருவிலேயே, தொற்று வந்த எதிர்வீட்டைத் தகரம் அடித்து அடைக்க வந்தபோது, இன்னும் இரண்டு வீட்டைச் சேர்த்து அடையுங்கள் என்று புகார் சொல்ல ஆள் இருந்தது. புகார் வேறு, புலம்பல் வேறு. புலம்புகிறவர் யாரையும் பிடித்துக் கொடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கூட இருக்கச் சொல்கிறார்.

பழந்தமிழில் புலம்பு என்றால் தனிமை. கல்லூரியில் இலக்கணம் நடத்திய அம்மா இதைச் சொன்னபோது பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டேன். முப்பது வருஷம் கழித்து, பால்கனியில் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் முதுகைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எங்கிருந்து எங்கே வந்தது என்று புரிந்தது.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, டீ மாஸ்டர் போன் செய்தார். ஊருக்குப் போக வழியில்லாமல் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இரண்டு பையன்களோடு அடைந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாஸ்டர் நலம்கூட விசாரிக்கவில்லை, எடுத்ததும் தன் கதைதான். கடை வாடகை நிற்கிறது. அன்றைக்கு வாங்கிய முப்பது லிட்டர் பாலும் வீணாய்ப் போனது. வடை போட ஊறவைத்த பருப்பைக் கீழே கொட்டினேன். பாய்லருக்குள் எலி போய்விட்டது. பையன்கள் சோறு பிடிக்கவில்லை என்கிறார்கள். இருபது நிமிஷம் சொன்னார். அப்பா "அட, ஆமாய்யா, ஆமாய்யா" என்றுகொண்டே இருந்தார். பிறகு, வீட்டில் டீ வாயில் வைக்க முடியவில்லை என்றார். மாஸ்டர், "வீட்ல ஆத்தத் தெரியாது சார்" என்றார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"எங்க அக்கா போயிட்டா மாஸ்டர்" என்றார் அப்பா.

எங்களிடம் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. நாங்கள்தான் அவருக்குச் செய்தி சொன்னோம், நாங்கள்தான் முடிவெடுத்தோம், நாங்கள்தான் ஆறுதலும் சொன்னோம். மாஸ்டர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. "அய்யய்யோ சார். எனக்கும் அக்காதான் சார் எல்லாம். ஊர்ல இருக்குது. எப்பப் பாப்பேன்னு தெரியல" என்றார். அப்பா அழ ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவரும் அழுதிருக்க வேண்டும். நான் கேஸை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் பையனிடம், செருப்பைக் கண்ட இடத்தில் விடுகிறான் என்று சத்தம் போட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

அடுத்த வருஷம் மே 10ஆம் தேதி மறுபடி ஊரடங்கு வந்தது. இரண்டாவது அலை, முதலாவதைவிடக் கொடுமை. காலை ஆறு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தார். இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை உள்ளேயே வைத்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"பால் தண்ணியா இருக்கும்மா."

போன வருஷமும் அப்படித்தான் இருந்தது. ஒரு பாக்கெட்டை இரண்டு வேளைக்கு இழுக்க, தண்ணீர் ஊற்றியது நான்.

"ஆமாம்பா" என்றேன். "தண்ணியாத்தான் இருக்கு."