வீட்டில் யார் இருப்பார்கள்?

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற சாலையும் திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையும் சந்திக்கிற ஊர் மீன்சுருட்டி. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில், வெளியூரில் இருக்கிற மகன் வீடு என்று இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் அடிக்கடி கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகின்றன. அப்போது வாசலில் நிற்கிற நாயை என்ன செய்வது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. “அக்கா, நாய்க்கு ஒரு வாய் சோறு வச்சிடுங்க, ரெண்டு நாள்ல வந்துடுவோம்” என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சென்னையிலும் கோவையிலும் அதே வேலைக்கு நாளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் நாய்க் காப்பகங்கள் இருக்கின்றன. பலவற்றை ஒரே குடும்பம், தன் வீட்டிலோ வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ நடத்துகிறது. இதைச் சொன்னால் நம் டீக்கடையில் முதலில் கேட்பது சிரிப்புத்தான்: “நாய்க்கு லாட்ஜா?” அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டில் கட்டுண்டு கிடக்க வேண்டும். ஊர் அந்த உழைப்பைக் கணக்கில்லாமல் வாங்கிக்கொள்கிறது; காப்பகம் அதற்கு ரசீது போடுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான் என்பது என் கட்சி.

பிராணியை அடுத்தவர் பொறுப்பில் விடுவது நமக்குப் புதிதல்ல. ஆட்டை வாரத்துக்கு விடுகிற வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. மேய்ப்பவரின் கூலி ஆட்டின் வயிற்றிலேயே இருக்கிறது. இதையே பெரிய அளவில் செய்தவர்கள் சோழர்கள். மீன்சுருட்டிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினான். அவன் தகப்பன் ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளில் விளக்கு எரிக்க ஆடு ஒப்படைத்த கணக்கு வரிசை வரிசையாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகள் சாகாதவை, மூப்படையாதவை என்று சோழர் காலக் கல்வெட்டுகள் பலவும் நிபந்தனை போடுகின்றன. ஆடு சாகாமல் இருக்குமா? செத்ததற்குப் பதில் குட்டி சேரும், கிழடு கழியும், எண்ணிக்கை குறையாது. கணக்குப்பிள்ளைக்கு அது போதும். எந்த ஆடு என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

நாயை இப்படி ஒப்படைக்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டு மந்தையைக் கவரும் சண்டையான தொறுப்பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு ஊர்க்காரர்களுக்கு நாய்க்குப் பெயர் வேண்டியிருந்தது. பதினோராம் நூற்றாண்டுக் கோயில் நிர்வாகத்துக்கு ஆட்டின் தலை எண்ணிக்கை போதுமாக இருந்தது. நாய்க் காப்பகத்தின் சங்கடமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விட்டுப்போன நாயையே திருப்பித் தர வேண்டும். அதே ஜாதியில், அதே நிறத்தில் வேறொன்று கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. போதாததற்கு நாய் பால் தருவதில்லை, வாரத்துக்குக் குட்டியும் இல்லை. பார்த்துக்கொள்பவருக்குப் பிராணியிடமிருந்து எந்த வரும்படியும் கிடையாது. அப்படியானால் அவருக்குத் தரும் பணம் எதற்கு? அவருடைய நாளுக்கு. அவர் வேறெங்கும் போகாமல் அங்கேயே இருந்ததற்கு.

அந்த நாள் எப்படிப்பட்டது? விடியும் முன்பே தொடங்குகிறது. இரவெல்லாம் அடக்கி வைத்திருந்த நாய்களை ஒவ்வொன்றாகத்தான் அவிழ்க்க முடியும். முன்பின் தெரியாத இரண்டை ஒன்றாக விட்டால் கடி நிச்சயம். பிறகு மலம் அள்ளுவது. அள்ளுகிறவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டே அள்ளுவார்: இறுகியிருக்கிறதா, தண்ணீராகப் போயிருக்கிறதா, புழு தெரிகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா. வாந்தியோடு ரத்தக் கழிச்சலும் நாற்றமும் இருந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம் என்று வயிறு கலங்கும். 1978-இல் இனங்காணப்பட்ட அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு மசியாது, குளோரின் கலந்த ப்ளீச் போன்றவற்றுக்குத்தான் சாகும். அதனால்தான் ஒழுங்கான காப்பகத்தில் ப்ளீச் வாடை அடித்துக்கொண்டே இருக்கிறது. தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டாத நாயை உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் சண்டை போடுகிறவர் திமிர் பிடித்தவரல்லர். உள்ளே இருக்கிற மற்ற நாய்களுக்காகச் சண்டை போடுகிறார். கழுவிய தரை காய வேண்டும், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேட வேண்டும், வலிப்பு வருகிற கிழட்டு நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை தவறாமல் போக வேண்டும். புதிதாக வந்தது பெரும்பாலும் முதல் நாள் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டுப் போனால் முகர்ந்துவிட்டு மூலைக்குப் போய்விடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், வேறு ஏதோ வேலை செய்வதுபோலப் பாவனை காட்டிக்கொண்டு, கையில் கொஞ்சம் சோற்றை வைத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய லுங்கியோ போர்வையோ கீழே கிடந்தால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கி வரும். மனிதனின் மூக்கில் மோப்ப வாங்கிகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல். அந்த லுங்கியில் அதன் வீடே இருக்கிறது. இதற்கிடையே நாய்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். அது நாய்க்கான சேவை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தொழில் ஏன் பெரும்பாலும் குடும்பத் தொழிலாக இருக்கிறது என்பதற்கு “வீட்டுப் பாசம்” என்று விளம்பரத்தில் பதில் எழுதுவார்கள். என் பதில் கொஞ்சம் வறண்டது: இரவு. நாய்க்கு இரவு வயிற்றுப்போக்கு வரும், ஒன்று குரைத்தால் பத்தும் குரைக்கும், இடி இடித்தால் கதவைப் பிறாண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வேண்டுமென்றால் எட்டு மணி நேர ஷிப்டுக்கு மூன்று பேர், வாரவிடுமுறைக்கு இன்னொருவர். அத்தனை பேருக்கும் நியாயமான சம்பளம் கொடுத்தால் நாள் வாடகை எங்கேயோ போய்விடும். குடும்பம் நடத்தினால் இரவுக்காவல் இலவசம். கணவர் தூங்கும்போது மனைவி எழுந்து பார்ப்பார், பள்ளிவிட்டு வரும் பையன் தண்ணீர்த் தட்டை நிரப்புவான், வயதான மாமியார் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே எது குரைக்கிறது என்று சொல்லிவிடுவார். வாடகை கட்டுப்படியாவது இந்தச் சம்பளமில்லாத ஆட்களால்தான். அதிலும் வீட்டுப் பெண்களின் பங்கு எவ்வளவு என்று எந்த ரசீதிலும் வராது. இன்னொரு கொடுமை காலண்டரில் இருக்கிறது. ஊரார் வெளியே கிளம்புவது பொங்கல், மே மாத விடுமுறை, தீபாவளி ஆகிய நாட்களில். காப்பகம் நிறைவதும் அப்போதுதான். தீபாவளியன்று நாய்க்கு வெடிச்சத்தம் எமன். ஊரே புதுச்சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் குடும்பம் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, டி.வி. சத்தத்தைக் கூட்டி, நடுங்குகிற நாய்களோடு உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: காசுக்குப் பாசம் கிடைக்குமா? கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். வலிப்பு மாத்திரை பாசத்தைக் கேட்பதில்லை, நேரத்தைக் கேட்கிறது. நாய் கேட்பதும் பெரும்பாலும் அதுதான்: அதே ஆள், அதே நேரம், அதே குரல். ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், அரை மணி நேரம் தனியே விடப்பட்ட நாய்களைவிட இரண்டு மணி நேரம் விடப்பட்டவை திரும்பி வந்தவரை அதிகத் தவிப்போடு வரவேற்றன. பிரிவின் நீளம் ஏதோ ஒரு வகையில் நாய்க்குப் படுகிறது. காப்பகம் அந்தப் பிரிவை இல்லாமல் ஆக்கிவிடாது. அப்படிச் சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். அந்த நாட்களுக்கு ஓர் ஒழுங்கு கொடுக்கலாம், அவ்வளவே. பாசம் வருமா வராதா என்பது நாய்க்கும் அந்த வீட்டுக்கும் உள்ள விவகாரம். கூலி கொடுத்தவர் அதையும் சேர்த்து எதிர்பார்ப்பது பேராசை.

பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் காசு வாங்காமல் செய்வாரே என்பது இன்னொரு மறுப்பு. மீன்சுருட்டி போன்ற ஊரில் இதற்கு நல்ல வலு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் அவிழ்த்துவிட்டு வளர்ந்த நாட்டுநாய்க்குத் தெரு முழுக்கச் சொந்தம்; நாலு வீட்டில் சோறு, எந்தத் திண்ணையிலும் படுக்கை. அதைக் கூண்டுள்ள காப்பகத்தில் கொண்டுபோய் அடைப்பது அதற்குத் தண்டனை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த, அரிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிற லாப்ரடார் வேறு வகை. அதற்கு “ஒரு வாய் சோறு” போதாது. ஆனால் என் முக்கியமான பதில் நாயைப் பற்றியது அல்ல. அக்காவின் உதவி இலவசமல்ல, கைமாற்று. அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டு ஆட்டுக்கு நாம் தழை ஒடித்துப் போட வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க ஒரு நிபந்தனை உண்டு: எப்போதும் யாராவது ஒரு பெண் வீட்டில் இருக்க வேண்டும். இன்று அந்த அக்கா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறார், நூறுநாள் வேலைக்குப் போகிறார், ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறார், அல்லது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்கே போய்விட்டார். சென்னையில் நாய்க் காப்பகம் முளைத்ததற்குப் பணக்காரர் ஆடம்பரம் ஒரு காரணம் என்றால், வீட்டில் ஆள் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய காரணம். நகரத்துக்கு முதலில் வந்தது இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் கடினமானது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் படுத்த படுக்கையான பெரியவரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லாத நாட்டில் நாய்க்கு ஆள் வைப்பது அடுக்குமா? கேட்பவரின் கோபம் நியாயமானது. அது பாய்கிற திசைதான் தவறு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஊர்ப் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு தருவதற்கு இன்றும் பெயர் மதிப்பூதியம். சம்பளம் என்றால் உரிமைகள் கூடவே வரும். மதிப்பு என்றால் கும்பிடு போட்டு முடித்துக்கொள்ளலாம். வீட்டில் மாமனாருக்கு மலம் அள்ளும் மருமகளுக்கு அந்தக் கும்பிடும் கிடையாது. நாய்க் காப்பகக்காரர் நாளுக்கு இவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்கிறார் என்பதற்காக அவரைத் திட்டி என்ன பயன்? வாய்விட்டுக் கேட்க முடியாமல் அதே வேலையை மனிதர்களுக்குச் செய்பவர்கள் கேட்கத் தொடங்க அது ஒரு முன்மாதிரி. பிராணியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விலை உண்டென்று ஒப்புக்கொண்ட குடும்பம், வீட்டுக்கு வரும் ஆயாம்மாவிடம் பேரம் பேசும்போது கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டும். கூச்சப்படுகிறதா என்பது வேறு விஷயம்.

சட்டத்தை அதிகம் பேச இங்கே இடமில்லை. இங்கிலாந்து 1963-லேயே பிராணிக் காப்பகங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. 2018 விதிகளில், கொட்டகை வைத்து நடத்துபவர், தன் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்று பிரித்து உள்ளாட்சி உரிமம் தருகிறது. நம்மிடம் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உண்டு, அதன்கீழ் 2017-இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதிகள் வந்தன. இரண்டுமே இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் முன்வைத்து எழுதப்பட்டவை, பார்த்துக்கொள்வதை அல்ல.

காப்பகக் குடும்பத்தின் சொந்த வீட்டில் கல்யாணம் வந்தால் என்ன ஆகிறது? ஒருவர் தங்கிவிடுகிறார், யார் என்று ஊகிப்பது சிரமமில்லை. தீபாவளிக்கு அவர்கள் இரட்டை வாடகை கேட்டால் முணுமுணுக்காமல் கொடுப்பது முறை. வருஷத்தில் ஒரு வாரம் அடைத்துவிட்டு அவர்கள் எல்லோருமாகப் போனால் அதுவும் முறைதான். செவ்வாய்க்கிழமை சலூன் பூட்டியிருந்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. முடி ஒரு நாள் காத்திருக்கும், நாய் காத்திருக்காது என்பது உண்மை. அதற்கு வழி இல்லாமல் இல்லை: ஒரே நகரத்தில் இருக்கிற இரண்டு காப்பகக் குடும்பங்கள் தங்களுக்குள் முறைவைத்து, ஒன்று மூடும்போது அதன் வாடிக்கை நாய்களை மற்றது எடுத்துக்கொள்ளலாம். நாய்களைப் பத்து நாள் முன்னதாகவே அங்கே அழைத்துப்போய்ப் பழக்க வேண்டும், மாத்திரை நேரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும், எந்த நாய்க்கு யாரைக் கண்டால் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிக் கடைக்காரரை அவ்வளவு நம்பச் சிலர் தயங்குவார்கள். வாடிக்கையாளர் அங்கேயே நிரந்தரமாகப் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்கும். சிலர் போகவும் செய்வார்கள்.