படுத்துக் கிடந்த வண்டி

லாஸ் ஏஞ்சலஸில் நான் தங்கியிருந்தபோது அடுத்த வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். மூட்டை சுமக்க வேண்டிய வண்டியை, முன்பு வைத்திருந்த யாரோ ஒரு ரசிகர் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பைகள். விசையைத் தட்டினால் எழும், மறுபடி தட்டினால் படுக்கும். ஆனால் இரவில் நிமிர்த்தி நிறுத்தினாலும் விடியும்போது படுத்தே கிடந்தது. சோப்பு நீர் தடவினோம்; குழாய் இணைப்பொன்றில் குமிழி கிளம்பிற்று. அது சில்லறை வேலைதான்.

சக்கர ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தாழக்கூடாதென்று கலிபோர்னியாவில் 1958 முதல் சட்டம் இருந்தது. 1959-ல் ரான் அகிர்ரே என்பவர் தம் கார்வெட் காரில் எண்ணெய்ப் பம்பு வைத்தார்: போலீஸைக் கண்டால் எழும்பலாம், போனபின் தாழலாம்! 2024-ல் அந்தச் சட்டமே போய்விட்டது. அந்தத் தந்திரத்தை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பின்பெட்டியைக் கழற்றியபோது தெரிந்தது வேறு சங்கதி. அச்சு மேலேற இடம் வேண்டிச் சேஸிஸை வெட்டி, அரைகுறையாகப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள்.

"இப்படியே விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார் நண்பர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாந்தவனுக்கு ஏமாற்றும் உரிமை வந்துவிடுமா? அடுத்து வாங்குகிறவன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவானே!

மறுநாள் இரும்பறுக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். அந்த மனிதர் வண்டிக்கடியில் படுத்து, பற்றவைத்த இடத்தையெல்லாம் வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்.