அச்சிட்ட எண்ணை நம்பாதே, அளந்து பார்!

"உனக்கு இதெல்லாம் வராது" என்று சொன்னாரே ஒருவர், எதை வைத்துச் சொன்னார்? கேட்டாயா தம்பி? கேட்டாயா தங்கச்சி? ஒரு மதிப்பெண் பட்டியல், ஒரு கட்-ஆஃப், இரண்டு அரியர். இவ்வளவுதானே அவர் கையில் இருந்த ஆதாரம்! அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாய். எழுந்து வா. அச்சில் இருந்த எண்ணை அப்படியே ஏற்காமல் தாங்களே அளந்து பார்த்த இரண்டு பேரால்தான் மனிதன் பறந்தான்.

1901 கோடை. அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்வெளி. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் இருவரும் செய்துகொண்டுபோன கிளைடர் எழும்ப மறுத்தது. கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்தக் கணக்கோ பெரியவர்கள் போட்டு வைத்தது: ஜெர்மனியின் லிலியந்தால் தயாரித்த அட்டவணை, காற்று தரும் விசையைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கிவந்த ஸ்மீட்டன் மாறிலி. வில்பர் மனம் உடைந்துபோனார். இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மனிதன் பறக்கப்போவதில்லை என்று அப்போது தம்பியிடம் சொன்னதை, பிற்காலத்தில் ஒரு மேடையில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மனம் உடைவதில் வெட்கமே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்!

டேட்டன் நகரில் இருந்த தங்கள் சைக்கிள் கடையில் 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் கடை எஞ்சினால் சுழலும் விசிறி. மேலே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி. உள்ளே, தகடு வெட்டும் கத்தரியால் நறுக்கிய குட்டிக் குட்டி எஃகு இறக்கைகள். விசையை அளக்கும் தராசு எதில் செய்தது தெரியுமா? பழைய ஹேக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும்! அளக்கும் நேரத்தில் அறையில் பெரிய பொருள் எதையும் நகர்த்தக் கூடாது. அளப்பவரைத் தவிர யாரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அவரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். காற்று இம்மி பிசகினாலும் எண் பொய்யாகிவிடும் என்று அவ்வளவு கண்டிப்பு. சுமார் 200 இறக்கை வடிவங்களை இப்படிச் சோதித்தார்கள். 0.005 என்று புத்தகங்கள் சொல்லிவந்த மாறிலி, உண்மையில் 0.0033-ஐ ஒட்டியது என்று அவர்களுடைய அளவுகள் காட்டின. கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள், பள்ளி இறுதிச் சான்றிதழ்கூட வாங்காதவர்கள், நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஒரு தவறைச் சைக்கிள் கடையில் வைத்துத் திருத்தினார்கள்!

காசில்லை என்று காரணம் சொல்லாதே. அமெரிக்க அரசாங்கத்தின் 50,000 டாலரோடு இறங்கிய விஞ்ஞானி லாங்லியின் பறக்கும் இயந்திரம் 1903 டிசம்பர் 8 அன்று பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 14 அன்று ரைட் சகோதரர்களின் விமானமும் கிளம்பிய வேகத்தில் தரையில் மோதியது. பழுது பார்த்தார்கள். 17ஆம் தேதி ஆர்வில் 12 விநாடி பறந்தார், 120 அடி. அன்றைக்கே நான்காவது முறை, வில்பர் 59 விநாடி, 852 அடி. தாங்களே அளந்து வடித்த இறக்கை அவர்களைத் தாங்கியது.

விமானம் வந்து ஒரு நூற்றாண்டு கழிந்தும் ராக்கெட் உலகில் வேறொரு எழுதாத சட்டம் இருந்தது: ஏவிய ராக்கெட்டின் கீழ்ப்பகுதி கடலுக்குத்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு நடை போன பேருந்தை வைகையில் தள்ளிவிட்டு, மறுநாளைக்குப் புதுப் பேருந்து கட்டுவதைப் போன்ற கொடுமை அது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அந்தச் சட்டத்தோடு மோதியது. அதற்கு முன்னால் வாங்கிய அடியையும் சொல்கிறேன், கேள். அவர்களுடைய முதல் ராக்கெட் பால்கன் 1, பசிபிக்கின் ஓமெலெக் தீவிலிருந்து மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் தோற்றது. 2008 ஆகஸ்டில் நடந்த மூன்றாவது தோல்விக்குக் காரணம், எஞ்சினை அணைத்த பிறகும் மிச்சமிருந்த துளி உந்துவிசை. பிரிந்த கீழ்ப்பகுதியை அது மேலே தள்ளிக்கொண்டுபோய் மேல்பகுதியில் இடிக்கவைத்துவிட்டது. தரையில் சோதித்தபோது காற்றழுத்தம் அந்தத் துளி விசையை மறைத்துவிட்டிருந்தது. திருத்தம் என்ன? எஞ்சினை அணைப்பதற்கும் பகுதிகள் பிரிவதற்கும் நடுவே சில விநாடி இடைவெளியைக் கூட்டினார்கள். அவ்வளவுதான்! செப்டம்பர் 28 அன்று நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையைத் தொட்டது. ஆகஸ்டிலேயே மூட்டை கட்டியிருந்தால்? சில விநாடி தூரத்தில் நின்ற வெற்றியை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நீ எதை விட்டுவிட்டு வந்தாய் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்.

அடுத்த ராக்கெட்டான பால்கன் 9-இன் கீழ்ப்பகுதியைத் தரையிறக்குவதும் அப்படித்தான். 2015 ஜனவரியில் கப்பல் மேடைக்கு வந்து சேரும் நேரத்தில் துடுப்புகளைத் திருப்பும் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்துபோய் ராக்கெட் மோதியது. ஏப்ரலில் ஒரு வால்வு மெதுவாக வேலை செய்ததால் சாய்ந்து விழுந்தது. ஜூனில் ஒரு ராக்கெட் வானிலேயே சிதறியது. டிசம்பர் 21 அன்று கேப் கனாவரலில் பால்கன் 9-இன் கீழ்ப்பகுதி நெட்டுக்குத்தாக வந்து நின்றது. 2017 மார்ச் 30 அன்று, ஒருமுறை போய்வந்த கீழ்ப்பகுதியே மறுபடி விண்ணுக்குக் கிளம்பியது.

நம் நாடும் சும்மா இல்லை. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் விண்ணுக்குப் போய்த் திரும்புவதற்கான இஸ்ரோவின் 'புஷ்பக்' என்ற இறக்கை வாகனத்தைச் சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது. 2024 ஜூன் 23 அன்று, ஓடுபாதைக்கு நேராக இல்லாமல் 500 மீட்டர் விலக்கியே விட்டார்கள், வேண்டுமென்றே. எஞ்சின் கிடையாது, விமானி கிடையாது. தானே திரும்பி, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டு நின்றது. மார்ச் மாதம் இறங்கிய அதே இறக்கை உடல்தான், மாற்றமில்லாமல் ஜூனில் மறுபடி இறங்கியது!

ஆனால் அந்தச் சோதனைகளில் புஷ்பக் சுற்றுப்பாதை வரை போகவில்லை. அங்கிருந்து திரும்பும்போது உடலைத் தீயாய்ச் சூழும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். அந்த வேகத்தில் இறக்கை நடுங்காமல் இருக்க வேண்டும். எவ்வளவு வெப்பம், எவ்வளவு நடுக்கம் என்று அளக்க ஆள் வேண்டும். இரண்டு அரியரா? இந்த செமஸ்டரிலேயே எழுதித் தள்ளு. காற்றியக்கவியல் புத்தகத்தை இன்று இரவே திற. கல்லூரிப் பட்டறையில் கிடக்கும் பலகையையும் பழைய விசிறியையும் கேட்டு வாங்கு. நாளைக்கே ஒரு பெட்டி செய்!