தசைத்துடிப்பும் நோயச்சமும்

நோயுற்றார் மருந்தை நாடுதல் முறை. நோயின்றியே நோயாளராய் வாழ்வார் நாடவேண்டுவது யாது என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாம். இமை துடிக்கின்றது; கெண்டைக்காற் சதை தானே குதிக்கின்றது; தேநீர்க் கோப்பையை ஏந்திய விரல் சிறிதே நடுங்குகின்றது. இவை எவர்க்கும் நிகழ்வன. ஆயினும் சிலர், 'இது நரம்பைத் தின்னும் கொடுநோயின் தொடக்கமோ?' என ஐயுற்று, ஊணும் உறக்கமும் குன்றித் தம் உடம்பையே அல்லும் பகலும் காவல்காத்திருக்கின்றனர்.

துடிப்பிற்குப் பொருள் தேடும் வழக்கம் பழையது. இந்திரவிழா நாளிற் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன எனச் சிலப்பதிகாரம் கூறும். மகளிர்க்கு இடக்கண் துடித்தல் நன்னிமித்தம் என்ப. அதற்கேற்பக் கோவலன் கண்ணகிபால் மீண்டான். ஆயின் அதன்பின் மதுரையில் நிகழ்ந்தது யாது? காரைதீவு முதலிய கிழக்கிலங்கை ஊர்களிற் கண்ணகையம்மனுக்குக் கோயிலெடுத்து வழிபடுவோர் இக்கதையை நன்கறிவர். துடித்த கண் வருவதனைத்தையும் உரைத்திலது. முன்னோர் நிமித்தம் கண்ட இடத்தில் இக்காலத்தார் நோயைக் காண்கின்றனர்.

மருத்துவ நூலார் கூறுவதைக் கேட்போம். உறக்கக்குறைவு, மிக்க உழைப்பு, கோப்பியும் தேநீரும் அளவிறந்து பருகுதல், மனக்கவலை ஆகியவற்றால் தசை துடித்தல் இயல்பு. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையார், கேடற்ற துடிப்புடையோர் 121 பேரை 2 ஆண்டு முதல் 32 ஆண்டுவரை தொடர்ந்து நோக்கி 1993 இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். அவருள் ஒருவர்க்கேனும், தசையை இயக்கும் நரம்புகளை அழிக்கும் அக்கொடுநோய் வந்திலது. கைந்நடுக்கமும் அத்தகையதே; நலமுடையார் கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை கண்ணுக்குப் புலனாகாதவாறு அதிர்ந்துகொண்டேயிருக்கும். அச்சம் மிகுங்கால் அவ்வதிர்வு பெருகிக் கண்ணுக்குத் தோன்றும். அதனைக் கண்டு மேலும் அஞ்சுவார்க்கு நடுக்கமும் மேலும் மிகும். இங்ஙனம் அச்சம் தனக்கு வேண்டிய சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது.

தமிழில் நரம்பு என்னும் ஒரு சொல்லே உடலின் நரம்பையும் யாழின் நரம்பையும் குறிக்கும். காரைதீவிற் பிறந்து 1947 இல் யாழ்நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகளாரின் ஊர்க்கரையில் வாழ்வார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. நரம்பு அதிர்கின்றது என்பதனாலேயே அஃது அறுந்தது என்பார் உளரோ?

அற்றேல், உடம்பைப் புறக்கணித்துவிடலாமோ எனின், ஆகாது. கையோ காலோ வலுவிழத்தல், தசை மெலிதல், பேச்சுக் குழறுதல், விழுங்குதல் அரிதாதல், கை சும்மா இருக்கும்போதே நடுங்குதல், இயக்கம் மந்தமாதல் ஆகியன தோன்றின் காலந்தாழ்த்தாது வைத்தியரை அடைதல் கடன். தைரொயிட்டுச் சுரப்பு மிகுதலாலும், ஈளைநோய்க்குக் கொள்ளும் சில மருந்துகளாலும் நடுக்கம் உண்டாதலின் அவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆயின் எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு. எச்சரிக்கை ஒரு செயலைச் செய்வித்து அமையும். அச்சமோ மற்றோர் அச்சத்தையே ஈன்று அமையாதொழியும். ஒருமுறை ஆராய்ந்த வைத்தியர் நலமென்று கூறியபின், புதுக்குறி ஒன்றும் இன்றி வேறொருவரை நாடுதலும், நாள்தோறும் விரலை நீட்டி நோக்குதலும் எச்சரிக்கை ஆகா.

இவ்வச்சத்தின் வேர் யாது? 'எனக்கு ஒருபோதும் கேடு வாராது' என்னும் உறுதிமொழியை உள்ளம் வேண்டுகின்றது. அதனை எந்த வைத்தியராலும் தரவியலாது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாட் காலையிற் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளிற் கடல் ஏறியபோது, முதல்நாள் இரவு யாதொரு நோயும் இன்றி உறங்கியோர் எத்துணைப் பேர் மறைந்தனர்! தசையைக் காவல் காப்பதனால் உயிரைக் காத்துவிட இயலாதென்பதனை அக்கரையோர் அறிந்த அளவு யார் அறிவார்? அறிந்திருந்தும் அவர் மீண்டும் வலையெடுத்தனர், வீடு கட்டினர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். உறுதிமொழி பெற்ற பின்னரோ அவர் இவற்றைச் செய்தனர்?

அவ்வூர்களில் வாழும் முஸ்லிம் சகோதரர், தம்மாலியன்ற முயற்சியைச் செய்து முடிவை இறைவன்பால் ஒப்புவித்தலைத் தவக்குல் என்பர். சைவர் அவனருள் என்று அமைவர். இரண்டிடத்தும் முறை ஒன்றே: முயற்சி முன்னர், ஒப்புவித்தல் பின்னர். முயலாது ஒப்புவித்தல் மடி. முயன்றபின்னும் ஒப்புவியாமை நோயச்சம்.

இவ்வச்சமுடையாரை எள்ளி நகையாடுதல் அறமன்று. நோய் பொய்யாயினும் அவர்படும் துன்பம் மெய்யே. மறுபுறம், அவர் கேட்குந்தோறும் 'ஒன்றுமில்லை' என்று நூறுமுறை கூறுதலும் நன்றன்று. அவ்விடை ஒருநாழிகை ஆறுதலளித்து மறுநாழிகை கேள்வியை வளர்க்கும். அன்போடு ஒருமுறை கூறி, அவர் கையிற் செய்தற்குரிய தொழிலொன்றைக் கொடுத்தல் மேல். துடிப்பை நோக்கியிருந்த கண் அருகிருக்கும் பிள்ளையின் முகத்தை நோக்குமாயின், துடிப்பு நில்லாதொழியினும் வாழ்க்கை மீளும். உடம்பு பிறர்க்குப் பயன்படுதற்கென வாய்த்தது. அதனை ஓம்புவோமாக, அதற்கு ஏவலாளராகாது ஒழிவோமாக.