விதிகள் பெருகிய சங்கம்

வகுத்து வைத்த விதிகளின் எண்ணிக்கை ஓர் அமைப்பின் முதிர்ச்சியைக் காட்டுமா என்ற கேள்வி பௌத்த சங்கத்தில் தொடக்கத்திலேயே எழுந்தது. துறவுநெறி நெடுங்காலம் நிலைக்க விதிகளை இப்போதே வகுத்துவிடுமாறு வேரஞ்சா என்ற ஊரில் புத்தரிடம் அவருடைய சீடர் சாரிபுத்தர் வேண்டினார். புத்தர் இசையவில்லை. சங்கம் பெருத்து, மாசுக்கு இடம் தரும் சூழல் தோன்றிய பிறகே விதி தேவை என்றார். சங்கத்தின் விதிநூலான விநய பிடகமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. விதிக்கு முன்னால் அதற்குக் காரணமான பிழையின் கதை வரும். விதி பொருந்தாமல் போன இடங்களில் திருத்தமும் விலக்கும் பின்னால் சேரும்.

தேரவாத மரபில் பிக்குகளுக்கு இப்படிச் சேர்ந்த விதிகள் 227. முன்பு விதிகள் குறைவு, ஞானம் பெற்றவர்கள் அதிகம். இப்போது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று பத்தாலி என்ற பிக்கு கேட்டார். மனிதர் தரம் தாழ்ந்து அறம் மங்கும்போது விதிகள் பெருகும் என்பது புத்தரின் விடை. தங்கள் நடைமுறை ஏடுகளின் பருமனைக் கண்டு பெருமைப்படும் நிறுவனங்கள் இந்த விடையைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கம் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ள வைத்திருந்த சிறந்த வழி பவாரணை. மூன்று மாத மழைக்கால வாசம் முடியும் நாளில் பிக்குகள் கூடுவார்கள். தம்மிடம் குற்றம் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ சொல்லும்படி ஒவ்வொருவரும் மற்றவர்களை வேண்டுவார். மூத்தவரே முதலில் வேண்ட வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. குறை சொல்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு: தக்க நேரத்தில், உண்மையை, மென்மையாக, பயன் கருதி, அன்போடு சொல்ல வேண்டும். அச்சமின்றிக் குறை பேச இடமில்லாத அமைப்பில் எந்த மதிப்பீடும் மேற்பூச்சாகவே நின்றுவிடும்.

சிறு விதிகளை வேண்டுமானால் நீக்கிக்கொள்ளலாம் என்று புத்தர் இறுதிக் காலத்தில் அனுமதி தந்தார். எவை சிறியவை என்று அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கேட்டு வைக்கவில்லை. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய சங்கத்தின் முதல் மாநாட்டில், எதையும் சேர்ப்பதில்லை, நீக்குவதில்லை என்று மூத்த சீடர் மகாகாசியபர் முன்மொழிந்தது ஏற்கப்பட்டது. விதிகளைக் கைவிட்டால், ஆசானின் சிதைப்புகை அடங்கும்வரைதான் அவை நின்றன என்று மக்கள் பழிப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஐந்து படி முதிர்ச்சி மாதிரியில், இடையறாத மேம்பாடே உச்சப்படி. அந்த அளவுகோலில் ராஜகிருக முடிவு ஒரு படி இறக்கம். கலைந்துபோகும் அபாயத்தில் இருந்த சங்கத்துக்கு அது தேவைப்பட்ட இறக்கம். ஆனால் பவாரணை நின்றுபோகவில்லை. தேரவாதத் துறவிகள் ஆண்டுதோறும் அதை இன்றும் நடத்துகிறார்கள்.