எறும்பரசியும் அமானிதமும்

ஓர் உயிரைப் பிடித்துத் தன்வசம் வைத்துக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா? யானையைக் குறித்தோ கிளியைக் குறித்தோ இவ்வினா எழுந்தால் நின்று சிந்திப்போம். எறும்பைக் குறித்து எழுந்தால் நகைத்துவிட்டுப் போவோம். ஆயினும், அருள்மறையின் ஓர் அத்தியாயம் எறும்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாம் அற்பமென்று ஒதுக்கியதை இறைவன் ஒதுக்கவில்லை.

2025 ஏப்ரலில் கென்யா நாட்டின் நக்குரு பகுதியில் பெல்ஜியம் நாட்டு இளைஞர் இருவர் ஏறத்தாழ 5,000 அரசி எறும்புகளுடன் பிடிபட்டனர். பஞ்சு வைத்த 2,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களில் அவை அடைக்கப்பட்டிருந்தன. எறும்பு வளர்ப்பு இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காகப் பரவியிருக்கிறது. அரிய இனத்து அரசிக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. சட்டவிரோதம் என்று அறியாமல் செய்துவிட்டதாக அவ்விளைஞர் கூறினர். 2025 மே 7-ஆம் நாள் நீதிமன்றம் அவர்களுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டத் தவறின் 12 மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வேலை அத்துடன் முடிந்தது. அறத்தின் கேள்வியோ அங்கேதான் தொடங்குகிறது.

அந்த அரசி யார்? மழைக்குப் பின் இறகு முளைத்த எறும்புகள் கூட்டைவிட்டு வானில் எழுகின்றன. இணை சேர்ந்த பெண் எறும்பு தரையிறங்கித் தன் இறகுகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. பருத்த மார்பு, பெரிய வயிறு, இறகு இருந்த இடத்துத் தழும்பு ஆகியவற்றால் அதனை இனங்காணலாம். பின்னர் அது மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறது. பல இனங்களில், முதல் பிள்ளைகள் வளர்ந்து வெளியே செல்லும்வரை அரசி உண்பதே இல்லை. இனிப் பறக்க வேண்டாத உடலின் இறகுத் தசைகளே கரைந்து பிள்ளைகளுக்கு உணவாகின்றன. அன்று சேமித்த வித்தைக் கொண்டே அது வாழ்நாளெல்லாம் முட்டையிடும். ஐரோப்பாவின் கருந்தோட்ட எறும்பின் அரசியொன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஆகவே, ஓர் அரசியை எடுப்பவன் ஓர் எறும்பை எடுக்கவில்லை. பிறக்கவிருக்கும் ஒரு நகரத்தையே எடுக்கிறான்.

அப்படியாயின், வளர்ப்பதே தவறா? அவ்வாறு சொல்லத் துணியேன். சின்னஞ்சிறு பறவையொன்றை வளர்த்து, அது இறந்தபோது வருந்திய சிறுவனிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிவோடு பேசியதை ஹதீஸில் காண்கிறோம். அதைக் கொண்டு, உரிய முறையில் பேணுவோர் பறவை வளர்க்கலாம் என்று மார்க்க அறிஞர் பலர் கூறியுள்ளனர். பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணின் வரலாற்றையும் அறிவோம். அவள் உணவும் அளிக்கவில்லை. தானே இரைதேடிக்கொள்ள விடவும் இல்லை. ஆக, அனுமதி உண்டு. அதனுடன் கடமையும் பிணைந்திருக்கிறது. கைக்குள் வந்த உயிர் உடைமையன்று, அமானிதம்.

அந்தக் கடமை எதுவென்று நம் ஆசை தீர்மானிக்க முடியாது. அவ்வுயிரின் இயல்பே தீர்மானிக்கும். அடைபட்டுப் பிள்ளை வளர்க்கும் அரசிக்கு வேண்டியவை இருளும் ஈரமும் அமைதியும். அன்பு மேலிட்டு நாள்தோறும் குழாயை எடுத்துப் பார்ப்பவன் அதனைக் கலங்கச் செய்கிறான். கலங்கிய அரசி தன் முட்டைகளையே தின்றுவிடுவதும் உண்டு. அங்கே பாராதிருப்பதே பராமரிப்பு. வேறு சில இனங்களின் அரசிக்கோ தொடக்கம் முதலே இரை வேண்டும். இனம் அறியாமல் வளர்ப்பவன் ஒன்றைத் தொல்லையால் கொல்வான். மற்றொன்றைப் பட்டினியால் கொல்வான். அந்நிய நாட்டு அரசியானால், சலித்தபின் வெளியே விடுவதும் அந்த மண்ணின் உயிர்களுக்குத் தீங்காகலாம்.

“காட்டில் விட்டாலும் பெரும்பாலான அரசிகள் மடிந்துதானே போகின்றன?” என்று கேட்பார் உண்டு. உண்மையே. ஆனால் அங்கே மடியும் அரசி பறவைக்கும் பல்லிக்கும் இறைவன் வகுத்த ரிஸ்க் ஆகிறது. அதன் விதிக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கை செய்ததற்கே கணக்குச் சொல்ல வேண்டும்.

சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வந்தபோது, அவர்கள் அறியாமலே மிதித்துவிடக் கூடும் என்றுதான் அந்த எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்தது. வல்லமை மிக்க மன்னருக்கு அச்சிற்றுயிர் அளித்த நல்லெண்ணம் அது. அம்மன்னரும் புன்னகைத்து, நன்றியுள்ளவராக வாழும் பேற்றை இறைவனிடம் வேண்டினார். வழியில் மிதிப்பவனுக்கு அறியாமை ஒரு சாக்காகலாம். தழும்பைப் பார்த்து, வயிற்றை அளந்து, இதுதான் அரசியென்று தேர்ந்தெடுத்துக் கையை மூடுபவனுக்கு அந்தச் சாக்கு ஏது? அறிவு கூடும் அளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது.

எனவே, எறும்பு வளர்க்க விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. குழாயை அவன் கையில் கொடுக்கும் முன், இருபது ஆண்டுகள் இதனைப் பேண உன்னால் இயலுமா என்று கேட்போம். இயலாதெனில், மண்ணில் நடந்து செல்லும் அரசியைக் குனிந்து பார்த்து, படைத்தவனைப் புகழ்ந்துவிட்டு, வழிவிட்டு நிற்கக் கற்றுக்கொடுப்போம். அதுவும் ஒரு கல்வியே.